சிறு துளையும் ஒன்பது மாதமும்

சென்ற மாதம் நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று ஒரு தாய் எழுதியது. ஊரும் பெயரும் வெளியிட வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகன். கல்லூரியில் கபடி ஆடுபவன். ஆட்டத்தின் நடுவே எவரும் மோதாமலே, சடக்கெனத் திரும்பிய வேகத்தில் அவன் வலது முழங்காலுக்குள் ‘படக்’ என்று ஏதோ அறுந்த ஓசை கேட்டதாம். மாலைக்குள் முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கிவிட்டதாம். “ஜவ்வு அறுந்திருக்கிறது. கவலை வேண்டாம். இப்போதெல்லாம் இரண்டு துளை போட்டே சரிசெய்துவிடலாம், மறுநாளே நடப்பான்” என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். “மறுநாளே நடப்பான் என்றால், அடுத்து வரும் பல்கலைக்கழகப் போட்டியில் அவன் ஆடலாமல்லவா? இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே! விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும் என்று அந்தப் போட்டியைத்தான் நம்பியிருக்கிறோம்” என்று எழுதுகிறார் அத்தாய். மடலின் அடியில் இன்னும் ஒரு வரி: “என் மாமியாருக்கும் முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். அவர்களுக்கும் இதே துளைச் சிகிச்சையைச் செய்துவிடலாமா?”

இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றன்று. நாம் மருத்துவர் அல்லோம்; மருத்துவ ஏடுகளைப் படித்தும் அறிந்தோரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம். காலைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு இஃது ஈடாகாது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ள உதவினால் அதுவே போதும்.

முதலில் ‘ஜவ்வு’ என்னும் சொல்லைப் பார்ப்போம். நம் ஊர்களில் முழங்காலுக்குள் எலும்பல்லாதது எதுவாயினும் அது ஜவ்வுதான். மருத்துவரும் நமக்குப் புரியட்டுமே என்று அச்சொல்லையே கையாளுகிறார். ஆனால் உள்ளே இருப்பவை வெவ்வேறு. எலும்பை எலும்போடு பிணைத்து நிறுத்தும் கயிறு போன்றவை பிணைநார்கள். லிகமெண்ட் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றையே. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே, மெத்தைபோல் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும் பிறை வடிவான குருத்துகள் இரண்டு உண்டு. அவை மெனிஸ்கஸ் எனப்படும். அந்தப் பேரனுக்கு அறுந்தது பிணைநார். பாட்டிக்குக் கிழிந்திருப்பது பெரும்பாலும் பிறைக்குருத்தாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் எத்தனை குடும்பங்கள் தடுமாறுகின்றன!

மூட்டின் நடுவில் இரு பிணைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. அதனாலேயே அவற்றிற்குச் சிலுவை என்னும் பொருள்படும் இலத்தீன் பெயர் அமைந்தது. நாமும் முன் சிலுவை நார், பின் சிலுவை நார் என்றே சொல்வோம். முன் சிலுவை நார் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளந்தான். ஆயினும், கீழ்க்கால் முன்னோக்கி வழுக்காமலும், திரும்பும்போது முறுக்கிக்கொண்டு விலகாமலும் காப்பது அதுவே. முழங்காலின் உட்பக்கத்திலுள்ள பக்கப் பிணைநார் கிழிந்தால் பெரும்பாலும் கத்தியின்றியே ஆறிவிடும். சிலுவை நாரோ மூட்டு நீருக்குள் கிடப்பது. அறுந்த முனைகளுக்கு இடையே ஆறுவதற்கு அடித்தளமாக வேண்டிய இரத்தக்கட்டி அந்நீரில் கரைந்து போகிறது. ஆதலால், முழுதாக அறுந்த முன் சிலுவை நார் பழையபடி உறுதியாக ஒட்டிக்கொள்வது அரிது.

இனி, துளைக்குள் கண்ணை வைக்க மனிதன் கற்றுக்கொண்ட கதை. அது தொடங்கியது விளையாட்டுத் திடலில் அன்று, காசநோயில். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் முழங்கால் மூட்டைத் தாக்கும் காசநோய் பலரை முடமாக்கிற்று. மூட்டு இறுகிவிட்டால் கால் மடங்காது. தரையில் மண்டியிட்டு அமர்ந்து உண்பதும் விருந்தினரை வரவேற்பதுமே மரபாயுள்ள நாட்டில் மடங்காத கால் எத்தகைய துன்பம் என்பதை, பாயில் அமர்ந்து உண்ணும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வழி தேடிய தோக்கியோப் பேராசிரியர் கென்ஜி தகாகி, 1918-ஆம் ஆண்டு, சிறுநீர்ப்பையை நோக்கும் குழாய் ஒன்றை ஓர் இறந்த உடலின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். பின்னர் மூட்டுக்கென்றே அவர் செய்த முதற் கருவியின் பருமன் 7.3 மில்லிமீட்டர், மூட்டுக்குள் நுழைப்பதற்கு அது மிகத் தடிமன். 1931-இல் அதனை 3.5 மில்லிமீட்டராகக் குறைத்தார். ஐரோப்பாவிலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிர்ஷர் 1921-லேயே நோயாளிகளின் முழங்காலுக்குள் நோக்கிய செய்தியை வெளியிட்டார். ஆனால் அம்முயற்சி அங்கே நிலைக்கவில்லை.

தகாகியின் மாணவர் மசாகி வாதனாபே. போருக்குப் பின், ஜப்பானியர் கண்ணாடி வில்லைகள் செய்வதில் தேர்ச்சி பெற்றுவந்த நாளில், அவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளைச் செய்து, அவற்றிற்கு எண் இட்டுக்கொண்டே போனார். 1950-களின் இறுதியில் உருவான 21-ஆம் எண் கருவிதான் உலகெங்கும் பரவியது. அதன் முனையில் ஒரு சிறு மின்விளக்கு உண்டு. அந்தக் குமிழ் மூட்டுக்குள்ளேயே உடைந்துவிடும் அபாயமும் உண்டு! முந்தைய கருவிகளில் நிறைவு காணாமல் மேலும் மேலும் செய்துகொண்டே போன அந்த மனிதரின் பொறுமையை எண்ணி நாம் வியக்கிறோம். 1962-இல் அவர் பிறைக்குருத்தின் கிழிந்த பகுதியை மட்டும் இவ்வழியாக வெட்டி எடுத்தார். பார்க்க மட்டுமே பயன்பட்ட துளை, அன்று கருவி செல்லும் வாயிலும் ஆயிற்று.

1964-இல் தோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்தன. கனடா நாட்டு அணியினரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுள் ராபர்ட் ஜாக்சன் என்னும் இளைஞர் ஒருவர். அவர் வாதனாபேயைத் தேடிச் சென்று அருகிலிருந்து கற்றார். கைம்மாறாக அவருக்கு ஆங்கிலம் கற்பித்தாராம். கருவியோடு தொராந்தோ திரும்பியபின், இதில் நம்பிக்கை வைத்தவர்கள் மிகச் சிலரே. மூட்டைத் திறந்தே பார்க்கலாம் என்றிருக்கையில் துளை வழியே எட்டிப் பார்ப்பானேன் என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. பத்தாண்டுகளுக்குள் நிலைமை மாறிற்று. 1974-இல் இத்துறைக்கென்று பன்னாட்டுச் சங்கம் ஒன்று அமைந்தபோது அதன் முதல் தலைவராக வாதனாபேயே அமர்ந்தார்.

ஜாக்சனிடம் தொராந்தோவில் பயின்றவர்களுள் ஆங்கில மருத்துவர் டேவிட் டாண்டியும் ஒருவர். 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கேம்பிரிட்ஜை அடுத்த நியூமார்க்கெட் மருத்துவமனையில், உள்நோக்கி வழியாக நோக்கியவாறே அறுந்த முன் சிலுவை நாருக்குப் பதிலாகப் புது நார் பொருத்தினார் அவர். அதற்கு முன்னரும் சிலுவை நாருக்கு அறுவை உண்டு. மேயோ ராப்சன் என்பவர் 1895-இல் லீட்ஸ் நகரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலுவை நார்களைத் தைத்தார். ஹே குரோவ்ஸ் 1917-இல் தொடையின் பக்கத்துப் பட்டையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து அறுந்த நாரின் இடத்தில் கோத்தார். அவையெல்லாம் மூட்டை அகலத் திறந்து செய்தவை. திறந்த அறுவை என்றால் நீண்ட தழும்பும், வாரக்கணக்கில் மாவுக்கட்டும், கட்டுப் பிரித்தபின் மெலிந்து போன தொடையும் இருந்த காலம் அது.

டாண்டி பொருத்திய புது நார் எதனால் ஆனது? கரியிழையால்! மனிதன் செய்த இழை எஃகினும் உறுதியானது. அறுந்த நாருக்கு அதைவிடச் சிறந்த மாற்று வேறென்ன வேண்டும் என்றே அன்று எண்ணினர். ஆனால் நாளடைவில் அவ்விழைகள் மூட்டுக்குள் நொறுங்கின. கரிய துகள்கள் உட்சவ்வில் படிந்தன. 1980-களில் வந்த வேறு சில செயற்கை நார்களும் தளர்ந்தும் அறுந்தும் ஏமாற்றின. அந்தத் துளைவழி நுட்பம் நிலைத்தது. செயற்கை நாரோ பெரும்பாலும் கைவிடப்பட்டது. இறுதியில் மருத்துவர்கள் நோயாளியின் சொந்த உடலிலிருந்தே நாரை எடுக்கும் வழிக்குத் திரும்பினார்கள்.

இன்று நடப்பது இது. முழங்காற்சில்லின் இருபுறமும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் துளைகள் இடுகிறார்கள். உப்புநீரைச் செலுத்தி மூட்டை விரியச் செய்கிறார்கள். ஒரு துளை வழியே சுமார் நான்கு மில்லிமீட்டர் பருமனுள்ள நோக்குகருவி செல்லும். மூட்டின் உள்ளே இருப்பவை பெரிதாகத் திரையில் தெரியும். மறு துளை வழியே கருவிகள் செல்லும். பிறைக்குருத்து கிழிந்திருந்தால் அதையும் அப்போதே பார்த்து, இயலுமாயின் தைக்கிறார்கள். ஒரு காலத்தில் அக்குருத்தை வேண்டாத பொருளென்று முழுவதுமாகப் பிடுங்கி எறிந்தார்கள். அப்படிச் செய்த முழங்கால்கள் விரைவில் தேய்வதைப் பேர்பாங்க் என்பவர் 1948-லேயே காட்டியிருந்தும், அவ்வழக்கம் நெடுநாள் நீங்கவில்லை. பின்னர் கீழ்க்கால் எலும்பிலும் தொடை எலும்பிலும் சுரங்கம்போல் வழி துளைத்து, புது நாரை இழுத்து, திருகாணியாலோ சட்டைப் பொத்தான் போன்ற சிறு உலோகத் தகட்டாலோ இறுக்குகிறார்கள். அச்சுரங்கம் எலும்பில் எவ்விடத்தில் அமைகிறது என்பதில்தான் மருத்துவரின் கைத்திறன் இருக்கிறது. சில மில்லிமீட்டர் தவறினாலும் புது நார் தளரும், அல்லது கால் முழுமையாக மடங்காமல் தடுக்கும்.

‘இரண்டு துளைதான்’ என்று சொல்வதில் விடுபட்டுப் போவது ஒன்றுண்டு. புது நாரை எடுக்க வேறோரிடத்தில் சில சென்டிமீட்டர் கீறல் வேண்டும். எங்கிருந்து எடுப்பது என்பதைக் குடும்பத்தார் முன்னதாகவே கேட்டறிய வேண்டும். அது நோயாளியின் வாழ்க்கை முறையைப் பொறுத்தது. முழங்காற்சில்லின் கீழேயுள்ள தசைநாணின் நடுப்பகுதியை, இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பது ஒரு முறை. எலும்பு எலும்போடு விரைவில் ஒட்டுமாதலால் விளையாட்டு வீரர்க்கு இதனைப் பலர் விரும்புவர். ஆயினும் இம்முறையில் பின்னர் மண்டியிடும்போது முழங்காலின் முன்புறத்தில் வலி தோன்றுதல் மிகுதி. தொடையின் பின்புறத்துத் தசைநாண்கள் இரண்டை எடுத்து மடித்து முறுக்குவது மற்றொரு முறை. அதில் மண்டியிடும் வலி குறைவு. ஆனால் காலை மடக்கும் வலிமை சிறிது குறையலாம். தொடையின் முன்புறத் தசைநாணை எடுக்கும் முறையும் இப்போது பரவி வருகிறது. நாள்தோறும் மண்டியிட்டுச் செபிப்பவர்கள், தரையில் அமர்ந்து பூக் கட்டுபவர்கள், தளத்தில் மண்டியிட்டுக் கல் பதிக்கும் கொத்தனார்கள் ஆகியோர் தம் மருத்துவரிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிடில், நாம் எப்படி அமர்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இனி, அத்தாயின் முதற் கேள்விக்கு வருவோம். மறுநாளே நடப்பான் என்றார்களே, அது பொய்யா? அன்று. ஊன்றுகோலின் துணையோடு மறுநாளே நடக்கிறார்கள் என்பது மெய். தழும்பு சிறிது, வலி குறைவு, மருத்துவமனை வாசம் ஓரிரு நாள். துளைவழி முறை நமக்கு அளித்த நன்மை அது. ஆனால் உள்ளே கட்டப்பட்ட நாருக்குத் துளையின் அளவு தெரியாது. அது தனக்குரிய காலத்தை எடுத்துக்கொள்ளும்.

நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட நாற்றை வயல் வைத்திருப்போர் அறிவார்கள். நட்ட மறுநாள் அது நிமிர்ந்தாற்போல் தோன்றும். பின் வெளுத்து வாடும். அதன்பிறகே வேர் பிடித்துப் பச்சை திரும்பும். இடம் மாற்றி வைத்த நாரின் நிலையும் அதுவே. பழைய இடத்தின் இரத்த ஓட்டம் அறுபட்டதால் அதிலுள்ள உயிரணுக்கள் பெரும்பாலும் மடிகின்றன. பின்னர் மூட்டின் உட்சவ்விலிருந்து புதிய இரத்த நாளங்கள் அதற்குள் மெல்ல ஊடுருவி, புதிய உயிரணுக்கள் குடியேறி, இழைகள் மறுபடி நெய்யப்படுகின்றன. இம்மாற்றம் ஓராண்டுக்கு மேலும் நடைபெறும். இதன் இடையே, ஏறத்தாழ இரண்டு மூன்று மாதத்தில், அந்நார் பொருத்திய நாளில் இருந்ததைக் காட்டிலும் வலுக்குறைந்து நிற்கிறது.

எல்லா ஆபத்தும் இந்த இடைவெளியில்தான். இரண்டு மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்திருக்கும். வலி இராது. படியேறுவான், மிதிவண்டி மிதிப்பான், சரியாகிவிட்டது என்று அவனும் சொல்வான், வீட்டாரும் நம்புவார்கள், பயிற்சியாளரும் அழைப்பார். கால் நன்றாயிருப்பதுபோல் தோன்றும் நாளும், நார் மிக மெலிந்திருக்கும் நாளும் ஒன்றாகவே அமைகின்றன. அத்தாய் குறிப்பிடும் பல்கலைக்கழகப் போட்டி சரியாக அந்நாளில்தான் வருகிறது!

எவ்வளவு காலம் காத்திருப்பது? நார்வே நாட்டில் 106 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறுவைக்குப்பின் ஒன்பது மாதம் வரையில், திடலுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடும்போதும் மறுபடி முழங்காலில் காயமுறும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நாட்கணக்கு மட்டும் போதாது என்றும் அது காட்டிற்று. தொடை வலிமையும் ஒற்றைக்காலில் தாவும் திறனும் மற்றக் காலோடு ஒப்பிடுகையில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இருக்க வேண்டும் என்பன போன்ற தேர்வுகளில் தேறாமலே ஆடியவர்களுள் நூற்றுக்கு 38 பேர் மறுபடி காயமுற்றனர்; தேறியபின் ஆடியவர்களுள் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இருபத்தைந்து வயதுக்குட்பட்டு, மறுபடி ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ மறு காலிலோ சிலுவை நார் மீண்டும் அறுந்திருக்கிறது.

ஆதலால் அறுவைக்கான செலவைத் திட்டமிடும்போதே, அதற்குப் பின் ஒன்பது மாதத்து இயன்முறைப் பயிற்சிக்கான செலவையும் போக்குவரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். நம் குடும்பங்கள் இங்கேதான் தவறுகின்றன என்பது நம் கருத்து. நகையை அடகு வைத்து அறுவைக்குப் பணம் கட்டுவார்கள். வாரம் இருமுறை பயிற்சிக்குப் போய்வர மட்டும் ‘இனி எதற்கு?’ என்பார்கள்.

அறுவை எல்லாருக்கும் கட்டாயமா என்பதும் கேட்கத் தக்க கேள்வியே. சுவீடனில் 121 இளைஞர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு உடனே புது நார் பொருத்தினர்; மறு பிரிவினர்க்குப் பயிற்சியை மட்டும் தொடங்கி, வேண்டுமெனில் பின்னர் அறுவை என்றனர். 2010-இல் முடிவு வெளியாயிற்று. மறு பிரிவில் இருந்த 59 பேரில் 23 பேர் இரண்டு ஆண்டுக்குள் அறுவையை நாடினர். ஐந்து ஆண்டில் அத்தொகை 30 ஆயிற்று. எஞ்சியோர் அறுவையின்றியே வாழ்ந்தனர். வலியிலும் வாழ்க்கைத் தரத்திலும் இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்லர் என்பதை மறக்கலாகாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. காயம் பட்டு நெடுநாள் ஆகியும் முழங்கால் நிலையின்றித் தவிப்பவர்களைப் பற்றி 2022-இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களே மிகுந்த நலம் பெற்றனர். எனவே, நேராக நடக்கும் வாழ்க்கையும் அலுவலக வேலையும் உடையவர் முதலில் மூன்று மாதம் முறையான பயிற்சி செய்து பார்க்கலாம். நடக்கையில் கால் ‘விட்டுப் போகிறது’ என்றால், அல்லது திரும்பியும் தாவியும் ஆடும் ஆட்டமே வாழ்க்கை என்றால், அறுவையை நாடலாம். எவ்வழியாயினும் பின்னாளில் மூட்டுத் தேயும் வாய்ப்பு முற்றும் நீங்குவதில்லை. அறுவை அதற்குக் காப்புறுதி அன்று.

அறுவை செய்வதாயினும் அவசரம் வேண்டாம். வீக்கம் வடிந்து, கால் முழுதும் நீளுமளவுக்கு வந்தபின் செய்தால் பின்னர் மூட்டு இறுகும் தொல்லை குறைகிறது. அடிபட்ட அன்றே எண்ணெய் தேய்த்து, இழுத்து, முறுக்கிக் கட்டுவது மட்டும் ஆகாது.

இப்போது பாட்டி. வயதாக ஆகப் பிறைக்குருத்து நைந்து கிழிவது தலை நரைப்பதைப் போன்றது. அமெரிக்காவில் 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். குருத்துக் கிழிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு அந்த ஒரு மாதமாக வலியோ இறுக்கமோ இருந்ததேயில்லை! ஆகவே, படத்தில் ஒரு கிழிசல் தெரிந்தால் வலிக்குக் காரணம் அதுவே என்று கொள்ளுதல் தவறாகலாம். இதனினும் வியப்பான செய்தி ஒன்று. தேய்ந்த முழங்காலைத் துளை வழியே கழுவித் துடைப்பது நெடுநாள் வழக்கமாயிருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரைக் கொண்டு அதனைச் சோதித்தார்கள். சிலருக்கு உண்மையாகவே செய்தார்கள். சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையலிட்டு விட்டுவிட்டார்கள். எவருக்கு எது நடந்தது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டு சென்றபின் இரு சாராரின் வலிக்கும் நடைக்கும் வேறுபாடே இல்லை. 2002-இல் வெளியான முடிவு இது. பிறைக்குருத்தை வெட்டுவதைப் பற்றியும் பின்லாந்தில் 146 பேரிடம் அவ்வாறே சோதித்து, 2013-இல் அதே முடிவைக் கண்டனர். 2017-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, வயதால் தேய்ந்த முழங்காலுக்குத் துளைச் சிகிச்சை வேண்டாமென்று உறுதியாகவே அறிவுறுத்திற்று. கால் உண்மையாகவே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமற் போவது போன்ற சில நிலைகள் வேறு. மற்றபடி பாட்டிக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், எடைக் குறைப்பும், கைத்தடியும், தேவையான அளவு வலி மருந்துமே முதல் மருத்துவம்.

பெண் பிள்ளைகளை விளையாட அனுப்பும் பெற்றோர்க்கும் ஒரு சொல். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இந்நார் அறுவது இருமடங்குக்கும் மேல். தாவி இறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாய்வது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதற்காக மகளைத் திடலுக்கு அனுப்பாதிருக்க வேண்டாம். ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம், சரியாகக் குதித்து இறங்கவும், ஒற்றைக்காலில் நிலைத்து நிற்கவும், தொடைத் தசையை உறுதியாக்கவும் பழக்கும் பயிற்சிமுறைகள் உண்டு. நார்வேயில் 1,892 கால்பந்துச் சிறுமியரிடம் இத்தகைய பயிற்சியைச் செய்து பார்த்தபோது கடுங்காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன; இம்முடிவு 2008-இல் வெளியாயிற்று. இதற்கு ஒரு காசும் செலவில்லை. நம் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் இதனைக் கவனிக்க வேண்டுகிறோம்.

இத்துறையில் இன்னும் புதியன வந்துகொண்டிருக்கின்றன. கனடாவிலும் ஐரோப்பாவிலும் 618 இளைஞர்களிடம் செய்த ஆய்வில், மூட்டுக்கு வெளியே பக்கவாட்டில் ஒரு பட்டையையும் சேர்த்து இறுக்கியதால், புது நார் மீண்டும் அறுவது நூற்றுக்கு 11-லிருந்து 4 ஆகக் குறைந்தது என 2020-இல் அறிவித்தனர். டாண்டி 1980-லேயே அத்தகையதொரு பட்டையைச் சேர்த்திருந்தார்; இடையில் பலர் அதைக் கைவிட்டிருந்தனர். பாஸ்டன் நகரில் மார்த்தா மர்ரி என்னும் மருத்துவர், அறுந்த முனைகளுக்கு இடையே நோயாளியின் இரத்தத்தில் தோய்த்த பஞ்சு போன்ற பொருளை வைத்து, இரத்தக்கட்டி கரையாமல் காத்து, சொந்த நாரையே ஒட்டவைக்கும் வழியைக் கண்டார். அமெரிக்க அரசின் ஒப்புதல் அதற்கு 2020 டிசம்பரில் கிடைத்தது. நெடுங்காலப் பயனை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

மடல் எழுதிய அம்மா, உங்கள் மகனுக்கு அறுந்தது எந்த நார், எவ்வளவு, பிறைக்குருத்தும் கிழிந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறுவை முடிவானால், எங்கிருந்து நார் எடுக்கிறார் என்றும், பயிற்சி எங்கே, எத்தனை மாதம் என்றும் அன்றே கேளுங்கள். இவ்வாண்டுப் பல்கலைக்கழகப் போட்டியை அவன் பார்வையாளர் இருக்கையிலிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். அதை நீங்களே அவனிடம் சொல்லிவிடுவது நல்லது. பயிற்சியாளர் வாயிலாகத் தெரிந்துகொள்ள விட வேண்டாம். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு நாள் இருக்கிறது. உங்கள் மாமியாரைத் துளைச் சிகிச்சைக்கு உட்படுத்துமுன், அதைச் செய்யாவிடில் என்னாகும் என்று அம்மருத்துவரிடமே கேளுங்கள். வேறொருவர் கருத்தையும் பெறுங்கள். பேரனுக்கு இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளுள் பாட்டிக்கு ஏற்றவையும் சில உண்டு. எவை என்று அவரிடம் கேட்டறிந்து, காலையில் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து செய்யட்டும்.